நிழலுக்கு ஏற்ற இலை

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, கொல்லையில் என் மாமனார் நட்டு வளர்த்த மாமரம் வேரோடு சாய்ந்தது. அதன் அடியில் வரிசையாக, அகன்ற இலை கொண்ட யானைக்காதுச் செடிகளை வைத்திருந்தேன். காற்று அவற்றைக் கந்தலாகக் கிழித்தது. ஆனாலும் சில வாரங்களிலேயே நடுவிலிருந்து புதுக் குருத்து சுருள் விரித்தது. பிழைத்துக்கொண்டன என்று மகிழ்ந்தேன். மாசி முடிவதற்குள் அந்தப் புதிய இலைகள் எல்லாம் நடுவில் வெளுத்து, அப்பளம்போல் காய்ந்து நொறுங்கின. புயலுக்குத் தப்பிய செடி வெயிலுக்குத் தப்பவில்லை. அதுவரை மண்ணையும் தண்ணீரையும் மட்டும் கவனித்துவந்த நான், அதன் பிறகு நிழலையும் கவனிக்கத் தொடங்கினேன்.

"எங்கள் வீட்டில் வெயிலே விழாத மூலை இருக்கிறது, அங்கே எதை வைத்தாலும் வருவதில்லை" என்று பலர் என்னிடம் குறைபட்டுக்கொள்வார்கள். மல்லிகையையும் ரோஜாவையும் அங்கே வைத்துப் பார்த்து, கடைசியில் உடைந்த தொட்டிகளைப் போட்டுவைப்பார்கள். புதுச்சேரியின் பழைய வீடுகளில் உயர்ந்த மதிலின் அடி, முற்றத்தின் ஓரம், கிணற்றடி எல்லாம் இப்படித்தான் வீணாகின்றன. பூவை எதிர்பார்க்காமல் இலையை எதிர்பார்த்தால், வீட்டிலேயே அழகான இடம் அந்த மூலைதான்.

குளிர்நாட்டுத் தோட்டங்களில் இந்த இடத்தை ஹோஸ்டா என்ற செடி பிடித்திருக்கிறது. சீனா, கொரியா, ஜப்பான் பகுதிகளைச் சேர்ந்தது. படம் பார்த்து ஆசைப்பட்டு விதை வரவழைக்க வேண்டாம். ஆண்டுதோறும் சில வாரங்கள் கடுங்குளிரில் உறங்கி எழுந்தால்தான் அது தழைக்கும். நம் ஊரில் மார்கழி இரவுகூட 20 டிகிரியை ஒட்டியே நின்றுவிடுகிறது.

நமக்குச் சேம்புக் குடும்பம் இருக்கிறது. மலைச்சாரலில் வாடைக்காற்றில் அசையும் சேம்பின் இலையை யானையின் காதுக்கு ஒப்பிட்டுச் சங்கப் புலவர் ஒருவர் பாடியிருக்கிறார். ஆகவே யானைக்காது என்று நாம் சொல்வது நாற்றுப்பண்ணைக்காரர்கள் புதிதாகச் சூட்டிய பெயர் என்று எண்ணிவிடாதீர்கள்.

இதில் இரண்டு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். சேப்பங்கிழங்கு தரும் சேம்பில் இலையின் நுனி தரையைப் பார்த்துத் தொங்கும். தண்ணீர் விட்டால் முத்துமுத்தாக உருண்டு ஓடும். அதற்கு ஈரம் எவ்வளவு இருந்தாலும் சரி. நம் பெரியவர்கள் துணி துவைக்கும் கல்லுக்கு அருகே வாழையோடு சேர்த்து அதை வைத்தது அதனால்தான். அலோகேசியா என்று விற்கப்படும் பெரிய யானைக்காதில் இலை நிமிர்ந்து, நுனி பெரும்பாலும் மேல்நோக்கி இருக்கும். ஆள் உயரத்துக்கும் மேலே வளரும். அதற்கு மண் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் ஒரு வாரம் குளமாக நிற்கும் பள்ளத்தில் நட்டு, கிழங்கு அழுகி இரண்டு செடிகளை இழந்தேன். இப்போது அதை ஒரு சாண் உயர மேட்டில்தான் நடுகிறேன்.

நடும் முன், நண்பகலில் அந்த இடத்தில் தரைக்கு ஒரு முழம் மேலே கையை நீட்டிப் பாருங்கள். கையின் நிழல் கோடு போட்டதுபோல் தெளிவாக விழுந்தால் அங்கே வெயில் அதிகம். மங்கலாக விழுந்தால் யானைக்காதுக்கு மிகப் பொருத்தம். வேம்பின் அடியில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். நிழலே தெரியாவிட்டால், அந்த இருட்டுக்கு அக்ளோனிமா என்ற இலைச்செடியை வையுங்கள். அதுவும் சேம்புக் குடும்பம்தான். அது மெதுவாக வளரும், ஆனால் முகம் சுளிக்காது.

மாமரத்தடியில் இன்னொரு சிக்கல் உண்டு. மரத்தின் மெல்லிய வேர்கள் நாம் ஊற்றும் தண்ணீரையும் உரத்தையும் முந்திக்கொண்டு குடித்துவிடும். அங்கே பெரிய தொட்டியில் செடியை வைத்து, தொட்டியைப் பாதியளவு மண்ணில் புதைத்துவிடுவது நல்லது. நம் கடலோர மணலில் தண்ணீர் நிற்பதில்லை. குழியில் பாதிக்குப் பாதி மக்கிய தொழு உரமும் தென்னை நார்க்கழிவும் கலந்து, மேலே சருகு மூடாக்குப் போடுங்கள். செடிக்குச் செடி மூன்றடி இடைவெளி வேண்டும். ஆடியில் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும்.

இலை ஓரம் பழுப்பாகக் கருகினால் உடனே மருந்து தேட வேண்டாம். கடலை ஒட்டிய பகுதிகளில் பெரும்பாலும் ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்புதான் காரணம். மழைநீரைப் பிடித்துவைத்து அவ்வப்போது வேர் நனைய நிறைய ஊற்றுங்கள், உப்பு கீழே இறங்கும். கோடையில் இலையின் அடியில் சிலந்திப்பேன் வரும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பாதி போய்விடும், மீதிக்கு வேப்ப எண்ணெய்க் கரைசல் போதும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த கலேடியம் என்ற வண்ண இலைச்செடியை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிவப்பும் வெள்ளையுமாக இருந்த அதன் இலைகள் பனிக்காலத்தில் ஒவ்வொன்றாகச் சாய்ந்து, தொட்டி வெறுமையாகிவிடும். செத்துவிட்டது என்று எத்தனை தொட்டிகளைக் கொட்டுகிறார்கள்! கிழங்கு உள்ளே உறங்குகிறது. தண்ணீரை நிறுத்தி, தொட்டியை மழை படாத தாழ்வாரத்தில் ஒதுக்கி வையுங்கள். சித்திரையில் முளை காட்டும்.

சேம்புக் குடும்பத்துச் செடிகளின் சாற்றில் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. கையில் பட்டால் அரிக்கும், பச்சையாகக் கடித்தால் வாயும் தொண்டையும் வீங்கும். தவழும் குழந்தையோ கன்றுக்குட்டியோ இருக்கும் வீட்டில் எட்டாத இடத்தில் வையுங்கள். கிழங்கைப் பிரிக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் மாமரம் இருந்த இடத்தில் நட்ட வேம்பு இப்போது மாடியைத் தாண்டிவிட்டது. அதன் நிழலில் யானைக்காது மறுபடியும் வந்திருக்கிறது. விடியற்காலையில் போய்ப் பார்த்தால் ஒவ்வோர் இலை நுனியிலும் ஒரு சொட்டு நிற்கும். அது பனித்துளி இல்லை, இரவெல்லாம் வேர் உறிஞ்சியதில் மிஞ்சியதை இலை வெளியே விடுகிறது. பக்கக்கன்றுகள் ஐந்தாறு இருக்கின்றன. ஆடி பிறந்ததும் பிரித்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கப் போகிறேன்.

வணக்கம்.