அண்டியாபீஸ் பெண்களுக்கு ஒரு சாயங்காலம் கொடுங்கள்

(செப்டம்பர் ஊட்டச்சத்து மாதத்தையொட்டி, கன்னியாகுமரி மாவட்டம் கருங்கலில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் கூட்டிய கூட்டத்தில் நான் பேசியதன் எழுத்து வடிவம். அண்டியாபீஸ் என்றால் எங்கள் பக்கத்துப் பேச்சில் முந்திரி ஆலை)

கூட்டத்தின் தலைவர் அவர்களே, பேரூராட்சியின் மக்கள் பிரதிநிதிகளே, மதிப்பிற்குரிய மருத்துவ அலுவலர் அம்மா அவர்களே, அருட்தந்தை அவர்களே, முந்திரித் தொழிலாளர் சங்கத் தோழர்களே, அங்கன்வாடிச் சகோதரிகளே, கைக்குழந்தையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற என் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

டாக்டர் அம்மா காலையிலிருந்து புறநோயாளிகளைப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் நன்றி. பந்தலுக்கு இடம் தந்த அருட்தந்தை அவர்களுக்கும், கேட்ட உடனே மைக் செட்டைக் கொண்டு வந்து கட்டிய தம்பிகளுக்கும் நன்றி. பொன்னாடை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அதை மதித்து ஒரு முருங்கைக் கன்றைக் கையில் கொடுத்தீர்களே, அதற்குத் தனி நன்றி. நாளைக்கே கிணற்றடியில் நட்டுவிடுவேன்.

கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து இடவழிகளில் நடந்தே என் காலம் போனது. கர்ப்ப காலத்துச் சாப்பாடு, ரத்தசோகை, பிரஷர், சர்க்கரை, பிரசவத்துக்குப் பிறகு தாயைக் கவனிப்பது என்று ஐந்து விஷயம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நேரம் இடம் கொடுக்கிற அளவுக்குப் பேசுகிறேன்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். சொத்துப் பிரிக்கிற வீட்டில் அது சரியாக இருக்கலாம். ஒரு பெண் வாயும் வயிறுமாக இருக்கிற பத்து மாதத்துக்கு மட்டும் அந்தப் பழமொழி செல்லாது. அவள் வாய்க்குப் போவதுதான் பிள்ளை வயிற்றுக்கு. அவள் காலையில் வெறும் கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடினால், உள்ளே இருக்கிற பிள்ளையும் பட்டினிதான்.

அதற்காக இரண்டு பேருக்குச் சாப்பிடு என்று சோற்றை இரட்டிப்பாக்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் கணக்குப்படி கர்ப்பிணிக்குத் தினமும் கூடுதலாக வேண்டியது 350 கலோரி. ஏறக்குறைய அரைக் குழல் புட்டும் ஒரு கிண்ணம் அவித்த சிறுபயறும், அவ்வளவுதான். ஆனால் கடைசி மூன்று மாதத்தில் புரதம் மட்டும் நாளொன்றுக்கு 22 கிராம் கூடுதலாக வேண்டும். இங்கேதான் நம் வீடுகளில் இடிக்கிறது. மரச்சீனிக்கிழங்கு வயிற்றை நிரப்பும், புரதம் கொடுக்காது. கிழங்கோடு சாளை மீன் குழம்பு வைத்தால் கதையே வேறு. நூறு கிராம் சாளையில் கிட்டத்தட்ட 20 கிராம் புரதம் இருக்கிறது. முள்ளோடு மென்று தின்கிற நெத்தோலியில் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து கிடைக்கும். குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் கரையேறுகிற இந்தப் பொடி மீனை ஏழை மீன் என்று ஒதுக்கிவிட்டு, மசக்கைக்காரிக்கு ஆசையாக நெய்மீனும் சுறாவும் வாங்கிக் கொடுக்கிற மாப்பிள்ளைமார் உண்டு. ஆசை நல்லதுதான். ஆனால் பெரிய மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும், வயிற்றுப் பிள்ளைக்கு அது ஆகாது. சாளை போதும், அப்பா.

மீன் சாப்பிடாத வீடுகளில் பயறு, கடலை, முட்டை, பால், முருங்கைக்கீரை. கிழங்கை அவித்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள். அதில் விஷத்தன்மை உண்டு என்று உங்கள் பாட்டிமாருக்கே தெரியும்.

இனி ரத்தசோகை. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் சோகை. 7-க்குக் கீழே போனால் ஆபத்தான சோகை. அப்படிப்பட்டவள் பிரசவத்தில் சாதாரணமாகப் போகிற ரத்தத்தைக்கூடத் தாங்க மாட்டாள். நாலாவது மாதத்திலிருந்து தினம் ஒரு இரும்புச் சத்து மாத்திரை, குறைந்தது 180 நாள். ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தருகிறார்கள். பிரசவத்துக்குப் பிறகும் இன்னொரு 180 நாள் தொடர வேண்டும். மாத்திரை போட்ட கையோடு சாயா குடித்தால் அந்தச் சத்து உடம்பில் சேராது. ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் நன்றாகச் சேரும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இதையும் ஒன்றாக விழுங்காதீர்கள், இடைவெளி வேண்டும்.

இதெல்லாம் எல்லாச் செவிலியரும் சொல்லுவதுதான். சொன்னால் கேட்கிறார்களா என்றால், ஒரு கதை சொல்லுகிறேன்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு பிள்ளை. அண்டியாபீஸில் பீலிங் வேலை, அதாவது முந்திரிப் பருப்பின் தோலை உரிக்கிற வேலை. தலைப்பிரசவம். முதல் தடவை பார்த்தபோது ஹீமோகுளோபின் 9. மாத்திரை கொடுத்தேன். அடுத்த மாதம் வந்தாள், காலி அட்டையைக் காட்டினாள், ஒரு மாத்திரை பாக்கியில்லை. ரத்தம் பார்த்தால் எட்டரை. பூச்சி மாத்திரையும் கொடுத்தாயிற்று. அடுத்த மாதமும் அட்டை காலி, ரத்தம் எட்டு. எனக்குத் தூக்கம் வரவில்லை. வேறு ஏதும் நோயோ என்று டாக்டரிடம் காட்டி, எல்லாச் சோதனையும் செய்து பார்த்தோம். ஒன்றும் இல்லை.

ஒரு நாள் சொல்லாமல் வீட்டுக்கே போய்விட்டேன். பிள்ளை வேலைக்குப் போயிருந்தாள். மாமியார் மட்டும் முற்றத்தில் இருந்தாள். நல்ல மனுஷி. உட்காரச் சொல்லி, தண்ணீர் தந்து, வீட்டுக்குப் பின்னாலே கூட்டிக்கொண்டு போய் ஒரு மட்டி வாழையைக் காட்டினாள். “சிஸ்டரே, இதுக்கு நான் ஒரு உரமும் வைக்கேல்ல. மத்ததெல்லாம் சவலையா நிக்குது, இது ஒண்ணு மட்டும் எப்பிடி இம்புட்டு பெரிய குலை தள்ளுச்சோ தெரியேல்ல” என்றாள். நானும் அதிசயமாகப் பார்த்தேன். காய்ந்த சருகை அவள் காலால் ஒதுக்கினாள் பாருங்கள், வாழை மூட்டில் சிவப்புச் சிவப்பாக, பாதி கரைந்தும் கரையாமலும், என் மாத்திரைகள்! இரண்டு மாதத்து மாத்திரை அத்தனையும் வாழை தின்றிருக்கிறது.

மாமியார் குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தாள். அப்புறம் அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே! “அவ வரட்டும் இன்னைக்கு” என்று வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நானும் போகவில்லை, போனால் வீட்டில் போர்க்களம் ஆகிவிடும். ஐந்தரை மணிக்கு அந்தப் பிள்ளை வந்தாள். கையெல்லாம் கறுப்புக் கறை. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தவுடனே அழுதுவிட்டாள்.

அழுதுகொண்டு அவள் சொன்னதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். மாத்திரை போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று பயந்திருப்பாள் என்றுதான் நான் நினைத்தேன். அது இல்லை. “சிஸ்டர், மாத்திரை போட்டா ஓங்கரிக்குது. வயிறு சரியில்லாம ஆகுது. அங்க கக்கூசு தூரம், போயிட்டு வந்தா எடை குறையும்” என்றாள். எடை என்றால் அவள் எடை இல்லை, பருப்பின் எடை. உரித்த பருப்பைக் கிலோ கணக்கில் நிறுத்துத்தான் கூலி. நாலு தடவை எழுந்து போனால் அன்றைய கூலியில் ஒரு பங்கு போயிற்று.

மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று ராத்திரியிலிருந்து, மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கப் போகும்போது கொடுப்பது, மாமியார் கையாலேயே கொடுப்பது, விழுங்கும்வரை பக்கத்தில் நிற்பது என்று ஏற்பாடு. ஓங்கரிப்பு தூக்கத்தில் போய்விட்டது. ஒன்பதாம் மாதம் ரத்தம் பத்தரைக்கு வந்தது. சுகப்பிரசவம். அந்தப் பிள்ளையின் பிள்ளை இப்போது கல்லூரியில் படிக்கிறது.

சகோதரிகளே, தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்கிறோம். இந்தப் பெண்ணின் வாய்க்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு தராசு நின்றது. அதைக் கவனிக்காமல் கீரை தின்னு, மாத்திரை போடு என்று எத்தனை கூட்டம் போட்டும் பிரயோஜனம் இல்லை.

கக்கூசு தூரம் என்பதை லேசாக எடுக்காதீர்கள். போக முடியாது என்பதால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். மூத்திரக் கடுப்பு வருகிறது. கர்ப்ப காலத்தில் அந்தக் கிருமி சிறுநீரகம்வரை ஏறும், குறை மாதத்தில் வலி வரவும் காரணமாகும். ஒரு குடம் தண்ணீரும் பக்கத்தில் ஒரு கழிப்பறையும் இருந்தால் தடுக்கக்கூடியது இது.

பிரஷர். இருபது வாரத்துக்குப் பிறகு 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்குவது பலருக்கும் உண்டு. முகமும் கையும் வீங்கினால், கண் மங்கினால், விடாத தலைவலி இருந்தால், நெஞ்சுக்குக் கீழே மேல்வயிறு வலித்தால், வெயிலில் வந்த தலைவலி என்று தைலம் தேய்த்துப் படுக்க வைக்காதீர்கள். உடனே 108. அடுத்தது வலிப்பாக இருக்கலாம். தக்கலையோ ஆசாரிப்பள்ளமோ, எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதை ஆம்புலன்ஸில் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் இந்த பிரஷர் பெரும்பாலும் ஓசைப்படாமல்தான் ஏறும். மாதாமாதம் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு அவள் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்!

என் வேண்டுகோளே இதுதான். இதைச் சொல்லத்தான் நான் ஓய்வு பெற்ற பிறகும் மேடை மேடையாக ஏறுகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்ப்பது செவ்வாய்க்கிழமை. மத்திய அரசுத் திட்டத்தில் மாதந்தோறும் 9-ஆம் தேதி. இரண்டும் நல்ல ஏற்பாடு, இரண்டும் பகலில். கூலிக்காரப் பெண்ணுக்கு ஒரு பரிசோதனை என்றால் ஒரு நாள் கூலி. பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று 2017-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பதிவு பெற்ற ஆலையில், கணக்கில் பெயர் உள்ளவளுக்கு அது கிடைக்கும். கொட்டையை வீட்டுக்கு வாங்கிவந்து உடைக்கிறவளுக்கு? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் அரசு 18,000 ரூபாய் உதவி தருகிறது, அதில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் உண்டு. தவணைகளை ஒழுங்காக வாங்கவும் பரிசோதனைக்கு வந்தாக வேண்டும். சுற்றிச் சுற்றி அந்த ஒரு பகல் பொழுதில்தான் வந்து நிற்கிறது.

ஆகவே கேட்கிறோம்: வாரத்தில் ஒரு நாள், சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஏழரைவரை, அண்டியாபீஸ்கள் உள்ள ஊர்களின் சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை வேண்டும். அதோடு 9-ஆம் தேதி வருகிறவளுக்கு அன்றைய கூலியைப் பிடிக்கக் கூடாது. டாக்டர் அம்மாவுக்கும் செவிலியருக்கும் இது கூடுதல் வேலை என்று எனக்குத் தெரியும். அதற்கு ஆள் போடுங்கள் என்றும் மனுவில் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

சர்க்கரையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், நேரமாயிற்று என்று சீட்டு வந்துவிட்டது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. சாப்பிட்டிருந்தாலும் செய்யலாம், வெறும் வயிறு வேண்டியதில்லை. இந்த எளிய முறை நாடு முழுக்கப் பரவப் பாடுபட்டவர் சென்னையின் டாக்டர் வி. சேஷய்யா. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். கருப்பட்டி ஒன்றும் செய்யாது என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள், கருப்பட்டியும் சர்க்கரைதான். பிரசவத்துக்குப் பிறகான கவனிப்பை டாக்டர் அம்மா அடுத்துப் பேசுவார்கள்.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ரேகை வைக்கலாம், மை இருக்கிறது. திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அதைக் கொண்டு போகிறோம். காலை எட்டரைக்குக் கருங்கல் பஸ் ஸ்டாண்டில் நிற்போம். கர்ப்பிணிகள் அலைய வேண்டாம், கையெழுத்து போதும். அவர்களுக்குப் பதிலாக மாமியார்மார் வாருங்கள்.