வரைபடம் வந்துவிட்டது! கல்கின் கோல் 1939, லாரிகள் ஜெயித்த சண்டை

வணக்கம் மக்களே. பின்னால் சுவரைப் பாருங்கள். மூன்று வாரமாக வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, அந்த வரைபடம் வந்துவிட்டது! நாலடி அகலம். நம் வழக்கப்படி சிவப்பு நூல் சோவியத், மஞ்சள் நூல் ஜப்பான்.

இதற்குப் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிண்ட் கடையில் 640 ரூபாய் கொடுத்தேன். வீட்டில் விரித்தால் வலது ஓரத்தைக் காணோம். திரும்பப் போய்க் கேட்டால், "வெறும் காலி இடம்தானே தம்பி, ஃப்ரேமுக்கு இடிச்சுது, வெட்டிட்டோம்" என்கிறார் அண்ணன். காலி இடமா? அந்த ஓரத்துக்காகத்தான் சண்டையே! இந்தக் கல்கின் கோல் ஆறுதான் எல்லை என்றது ஜப்பான், வடகிழக்குச் சீனாவில் தன் பிடியில் இருந்த பொம்மை நாடான மஞ்சுகுவோவுக்காக. இல்லை, கிழக்கே 16 கிலோமீட்டர் தள்ளி நோமோன்ஹான் கிராமத்துப் பக்கம்தான் எல்லை என்றது மங்கோலியா. அதற்குப் பக்கபலம் சோவியத். நடுவில் இருந்தது புல்லும் மணல்மேடும்தான். மறுபடி 640 கொடுத்து, அந்தப் பட்டையோடு அடித்து வாங்கினேன். மொத்தம் 1,280. வயிறு எரிந்தது, ஆனால் அது இல்லாமல் இந்த வீடியோவே எடுத்திருக்க மாட்டேன்.

சரி, சண்டைக்கு வருவோம். மே 11 அன்று மங்கோலியக் குதிரை வீரர்கள் எழுபது, எண்பது பேர், குதிரைகளை மேய்க்க அந்தப் பட்டைக்குள் வந்தார்கள். மஞ்சுகுவோ குதிரைப்படை விரட்டியது. ஆரம்பம் அவ்வளவுதான். ஜூலை 3 அன்று பைன் சகான் மேட்டில், காலாட்படை வந்து சேரும்வரை காத்திராமல் சோவியத் தளபதி ஜுகோவ் டாங்குகளை நேராக மோதவிட்டார். அவை பெட்ரோலில் ஓடுபவை. ஜப்பானியச் சிப்பாய்கள் பெட்ரோல் பாட்டில்களை இன்ஜின் மேலேயே வீசினார்கள். வெட்ட வெளியில் எரிந்தன.

டாங்கு எண்ணிக்கையை மட்டும் பேசும் வீடியோக்கள் எனக்குப் பிடிக்காது, உங்களுக்குத் தெரியும். எனக்கு லாரிதான். இந்தச் சிவப்பு நூல் எவ்வளவு நீளம் பாருங்கள். ரயில் பாதையிலிருந்து போர்க்களத்துக்கு 650 கிலோமீட்டருக்கும் மேல். போக வர 1,300, ஒரு நடைக்கு ஐந்து நாள். பீரங்கிக் குண்டு மட்டும் 18,000 டன். மரமே இல்லாத புல்வெளி, அடுப்பெரிக்க விறகும் லாரியில்தான் வரவேண்டும். இவ்வளவு தூரத்திலிருந்து பெரிய படையை நடத்த முடியாது என்று மஞ்சுகுவோவில் இருந்த ஜப்பானின் குவாந்துங் படை கணக்குப் போட்டது. அந்தக் கணக்கில்தான் விழுந்தார்கள்!

ஆங், ஒன்றை விட்டுவிட்டேன். ஜூன் 27. இதே குவாந்துங் படை டோக்கியோவிடம் அனுமதி கேட்காமல் மங்கோலியாவுக்குள் தம்சாக்-புலாக் விமானதளத்தில் குண்டு போட்டது. தலைநகரைக் கேட்காமல் போரைப் பெரிதாக்கும் படையை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

அப்புறம் ஜுகோவின் தந்திரம். 'தற்காப்பில் சிப்பாய் செய்யவேண்டியது' என்று துண்டுப் பிரசுரம். மரத்தூண் அடிக்கும் சத்தத்தை ஒலிபெருக்கியில் இரவெல்லாம் போட்டார்கள். குளிர்காலத்துக்குப் பதுங்குகுழி கட்டுகிறார்கள் என்று எதிரி நினைக்கவேண்டும் அல்லவா!

ஆகஸ்ட் 20, ஞாயிற்றுக்கிழமை. 57,000 பேர், கிட்டத்தட்ட 500 டாங்குகள். வடக்கிலும் தெற்கிலும் வளைத்து, நான் இங்கே நூல் கட்டியிருக்கிறேனே, இப்படிப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். நடுவில் ஜப்பானியத் தளபதி கொமாட்சுபாராவின் 23வது டிவிஷன். தண்ணீர் ஆற்றில், ஆறு சோவியத் கையில். வளையத்துக்குள் இருந்தவர்களின் தாகத்தை நினைத்தால் இன்றும் கஷ்டமாக இருக்கிறது. ஆகஸ்ட் 31க்குள் எல்லாம் முடிந்தது. மறுநாள் ஹிட்லர் போலந்தில் நுழைந்தார். உலகமே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. இங்கே இறந்தும் காணாமலும் போன சோவியத் ஆட்கள் 9,700 பேர், ஜப்பான் தரப்பில் அவர்கள் கணக்கிலேயே 8,000க்கு மேல். யாரும் கவனிக்கவில்லை.

செப்டம்பர் 16 சண்டை நிறுத்தம். 17 அன்று ஸ்டாலின் படை போலந்துக்குள். தேதிகளைப் பாருங்கள் மக்களே, ஒரே நாள் இடைவெளி!

1941 ஏப்ரலில் சோவியத்தும் ஜப்பானும் நடுநிலை ஒப்பந்தம் போட்டார்கள். வடக்கு வேண்டாம், தெற்கே போவோம் என்று ஜப்பான் முடிவெடுத்ததில் இந்த அடிக்கும் பங்கு உண்டு. டிசம்பரில் மலாயாவில் இறங்கினார்கள். அங்கே ரப்பர் தோட்டங்களில் இருந்த நம் ஆட்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனது அடுத்த வீடியோ. மஞ்சள் நூல் தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாங்கவேண்டும்.