வால்வாக்ஸ்: உருண்டு போகும் பச்சை

வணக்கம் நேயர்களே. குளத்துத் தண்ணீர் பச்சையாக இருந்தால் பாசி பிடித்துவிட்டது என்று முகம் சுளித்துவிட்டுப் போய்விடுகிறோம், அந்தப் பச்சைக்குள் இருக்கும் வால்வாக்ஸ் என்ற, பல செல்கள் சேர்ந்து உருண்டையாக வாழும் பச்சைப்பாசியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். மழைக்குப் பிறகு குட்டையில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர் மொண்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவுப் பச்சை உருண்டைகள் சுழன்றுகொண்டே வெளிச்சப் பக்கம் நகர்ந்தால் அது வால்வாக்ஸாக இருக்கலாம். நுண்ணோக்கி வேண்டாம், திரும்பவும் சொல்கிறேன், வெறும் கண்ணுக்கே தெரியும்.

1700லேயே ஹாலந்தின் நுண்ணோக்கி ஆய்வாளர் லேவன்ஹூக் இதைப் பார்த்து எழுதிவிட்டார். பெரிய உருண்டைக்குள் சின்ன உருண்டைகள் இருப்பதையும், பெரியது வெடித்து அவை வெளியே வருவதையும் கவனித்திருக்கிறார்.

வால்வாக்ஸ் கார்ட்டெரி என்ற இனத்தை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 2,000 சின்னச் செல்கள், ஒவ்வொன்றுக்கும் சாட்டைபோல அசையும் இரண்டு கசையிழைகள். துடுப்புப் போட்டு உருண்டையை நகர்த்துவது இவற்றின் வேலை. உள்ளே சுமார் 16 பெரிய செல்கள் இருக்கும், குட்டி போடுவது அவை மட்டும்தான். அந்தக் குட்டி உருவாகும்போது கசையிழைகள் உள்பக்கம் பார்த்திருக்கும், அப்படியே இருந்தால் நீந்த முடியாதே! அதனால் ஒரு சின்னத் துளை வழியாக, சட்டையை உள்வெளியாகத் திருப்புவதுபோல, மொத்த உடம்பையும் அது தானே திருப்பிக்கொள்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

குட்டிகள் வெளியேறியதும் தாயின் சின்னச் செல்கள் முதுமையடைந்து செத்துப்போகும். இதைக் கொஞ்சம் யோசியுங்கள். ஒற்றைச் செல் உயிரி இரண்டாகப் பிரிந்தால் பிணம் என்று எதுவும் மிஞ்சுவதில்லை. இங்கே மிஞ்சுகிறது. வேலையைப் பங்கிட்டுக்கொண்ட உடம்புக்குச் சாவும் சேர்ந்தே வந்துவிட்டது, நம் உடம்பின் கதையும் இதுதான்.

அப்புறம், உலக ஆய்வகங்களில் வளர்க்கப்படும் இந்த இனத்தின் நகரியென்சிஸ் என்ற வகைக்கு அந்தப் பெயரை வைத்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம். ஓ. பி. ஐயங்கார். தென்னிந்தியக் குளம் குட்டைகளின் பாசிகளை ஆராய்வதற்கே தன் வாழ்க்கையைக் கொடுத்தவர். நம் மாணவர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். மரபணு விஷயத்தை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: 2010இல் வால்வாக்ஸ் கார்ட்டெரியின் முழு மரபணுத் தொகுதியைப் படித்தபோது, ஒற்றைச் செல் உறவான கிளாமிடோமோனாஸைவிட இதில் மரபணுக்கள் பெரிதாகக் கூடியிருக்கவில்லை, பெரும்பாலும் இருந்தவற்றையே வேறு விதமாகப் பயன்படுத்தியிருக்கிறது. நன்றி, வணக்கம்.