கடலுக்குள் போகிறவளுக்கு ஒரு மீனவர் அட்டை

மகளிர் தின விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களே, அரங்கம் தந்து உதவிய கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, வேறொரு கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் மீன்வளத்துறை அதிகாரி அவர்களே, பாம்பனிலிருந்தும் சின்னப்பாலத்திலிருந்தும் கடல்பாசி எடுக்கும் இன்றைய வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் என் அக்கா தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம். ஆட்சியர் அவர்கள் மேடை ஏறும் முன்பே முன்வரிசைக்குப் போய் அக்காமார்களிடம் பேசினார்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

2024 நவம்பரில் அஜர்பைஜான் தலைநகர் பாகூவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டுக்கு, பெண்கள் தரப்பில் பார்வையாளராகப் போய் வந்தேன். மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: அங்கே பேசிய பணம், பெண்களுக்கான திட்டம், நம்ம கடற்கரை.

பணம் என்றால், வளரும் நாடுகளுக்காக 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் திரட்ட முடிவானது.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார் என் அம்மாச்சி. அந்த மாநாட்டின் ஏற்பாட்டுக் குழுவில் முதலில் அறிவித்த 28 பேரும் ஆண்கள். பெண்கள் அமைப்புகள் குரல் கொடுத்த பிறகுதான் பெண்களைச் சேர்த்தார்கள். காலநிலை வேலைகளில் ஆண் பெண் சமத்துவத்துக்காக 2014-ல் பெரு நாட்டு லிமாவில் தொடங்கிய பாலினத் திட்டத்தை பாகூவில் இன்னும் 10 ஆண்டுக்கு நீட்டித்தார்களே, அதுவும் சும்மா வரவில்லை. தீர்மான வரைவில் ஒரு சொல் பிடிக்காத நாடு அதை அடைப்புக்குறிக்குள் போட்டுவிடும், இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அந்தக் குறியைக் கழற்ற ராத்திரி பகலாக உட்கார வேண்டும்.

இதைச் சொல்லியே ஆக வேண்டும். சின்னப்பாலத்து அக்கா ஒருவர் தன் முக்குளிக்கும் கண்ணாடியையும் விரலில் சுற்றும் துணியையும் என்னிடம் கொடுத்து, "அங்க காட்டு தாயி" என்றார். மாநாடு நடந்த விளையாட்டரங்க வாசலில் பையைச் சோதித்த பெண் அதை எடுத்துப் பார்த்தாள். கண்ணாடியின் ரப்பர் உப்பில் வெளுத்திருந்தது, துணியில் பழைய ரத்தக்கறை. இது என்ன என்று சைகையில் கேட்டாள். நான் துணியை என் விரலில் சுற்றி, குனிந்து, பாறையிலிருந்து பாசியைப் பறிப்பதுபோல் செய்து காட்டினேன். பின்னால் வரிசை நின்றுவிட்டது. ஒரு தன்னார்வலர் பெண் ஓடிவந்து மொழிபெயர்த்தாள். சோதனைக்காரப் பெண் காஸ்பியன் கடலோரத்துக்காரி. தன் ஊரில் கடல் உள்வாங்கிக்கொண்டே போகிறதாம், அப்பா படகு மணலில் கிடக்கிறதாம். துணியை அவளே மடித்துப் பைக்குள் வைத்தாள். அந்தக் கண்ணாடியை அன்று மதியக் கூட்டத்தில் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பேசினேன்.

என்ன பேசினேன்? மன்னார் வளைகுடாவில் பாசி அழியக்கூடாது என்று மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது எனத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்ட பெண்களைப் பற்றிப் பேசினேன். அவர்களில் ஒருவர் மீனவர் அட்டை கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, "வீட்டுக்காரர் பேர்ல இருக்குல்ல" என்று திருப்பி அனுப்பினார்கள். கடலுக்குள் இறங்குகிறவள் அவள். அட்டை மட்டும் அவர் பேரிலா? பாசி எடுக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் பெயரிலேயே மீனவர் அட்டை வேண்டும். புயல் நிவாரணமும் விபத்துக் காப்பீடும் அவள் கைக்கு வர அதுதான் வழி.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அதனால் ஆட்சியர் அவர்கள் முன்னிலையிலேயே கேட்கிறேன். மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம், மை வைத்திருக்கிறோம். ஊர்ப் பெயரை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள் அக்கா. நன்றி, வணக்கம்.