வாய்விட்டுக் கேட்பதே முதுமைக்கு மரியாதை

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, முன் வரிசையில் இடம்பிடித்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"முதுமையில் மரியாதையைக் காப்பது தேவையை வாய்விட்டுக் கேட்பதா, கேளாமல் பொறுத்துக்கொள்வதா?" என்பது தலைப்பு. கேட்பதே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன், "பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது, அதுதான் பெரிய மனுஷத்தனம்" என்று சொல்லி முடித்தார். நல்ல கைதட்டல். தட்டியவர்களில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாகிவிட்டது.

நான் வங்கியில் கவுன்டரில் உட்காருகிறவள். நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் மத்திய அரசு ஓய்வூதியக்காரர்கள் லைஃப் சர்டிபிகேட், அதாவது உயிரோடு இருக்கிறோம் என்ற சான்றிதழ், கொடுக்க வரிசையில் நிற்பார்கள். அப்படி ஒரு நாள் ரயில்வேயில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வந்தார். இடது புறங்கையில் ஊசி ஏற்றிய இடத்தில் பஞ்சும் பிளாஸ்திரியும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருந்து நேரே வருகிறார். ஆட்டோக்காரத் தம்பி கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, "ஐயா, வெயிட்டிங் போட்டுக்கிறேன்" என்று வெளியே போனார்.

"பையனைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கலாமே சார்?"

"அவனுக்கு லீவு கிடைக்காதும்மா."

"கேட்டீங்களா?"

"கேட்கலை."

"சரி, எங்களுக்கு ஒரு போன் பண்ணியிருந்தா நாங்களே வீட்டுக்கு வந்திருப்போமே?"

"உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்."

எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டுக்கே போய்ச் சேவை செய்யச் சொல்லி ரிசர்வ் வங்கி 2017-லேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. தபால்காரர்கூட வீடு தேடி வந்து, சின்னக் கருவியில் கைரேகை வாங்கி, டிஜிட்டல் சான்றிதழ் போட்டுக் கொடுக்கிறார். எல்லாம் இருக்கிறது. ஆனால் கேட்டவர்கள் வீட்டுக்குத்தானே போக முடியும்? யார் வீட்டில் யாருக்குக் கால் வலி என்று எங்கள் கம்ப்யூட்டரில் தெரியாது, நடுவர் அவர்களே.

அந்தப் பெரியவருக்குக் கேட்கவே தெரியாதா என்றால், அப்படியும் இல்லை. ஆட்டோக்காரரிடம் கேட்டிருக்கிறார். "தம்பி, கையைப் பிடிச்சுக்க, படி இருக்கு" என்று என் காதுபடச் சொன்னார். அங்கே கூச்சம் வரவில்லை. ஏன்? அங்கே காசு கொடுக்கிறோம். காசு கொடுத்தால் கையைப் பிடிக்கச் சொல்லலாம், பெற்ற பிள்ளையிடம் சொல்லக் கூடாது. எதிரணியினர் மரியாதை என்று சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

அடுத்து இலக்கியத்துக்கு வருகிறேன். எதிரணி அண்ணன் சேரமான் கணைக்கால் இரும்பொறையைக் கொண்டு வந்து நிறுத்தினார். சோழன் செங்கணானிடம் தோற்று, குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்த மன்னன், கையேந்தித் தண்ணீர் குடிப்பதைவிடச் சாவதே மேல் என்று உயிரை விட்டான், அவனல்லவா மானமுள்ளவன் என்று குரலை உயர்த்தினார். புறநானூற்றின் 74-ஆம் பாட்டு. நானும் படித்திருக்கிறேன். பாட்டுக்குக் கீழே ஒரு குறிப்பு இருக்கிறது, அதையும் படித்திருக்கிறேன். அந்தக் குறிப்பு என்ன சொல்கிறது? அவன் "தண்ணீர் தா" என்று கேட்டான். கேட்டான், நடுவர் அவர்களே! மானத்துக்குப் பேர்போன அந்த மன்னனே வாயைத் திறந்து கேட்டிருக்கிறான். கேட்டதும் கிடைக்கவில்லை. பிறகு கொண்டு வந்து கொடுத்தார்கள், வாங்கிக் கையில் வைத்திருந்தும் குடிக்காமல் மாண்டான். தாகத்தைச் சொன்னதில் அவனுக்கு இழிவில்லை, காக்க வைத்தார்களே அதில்தான் இழிவு. அதுவும் கொடுத்தவர்கள் யார்? போரில் ஜெயித்த எதிரியின் சிறைக் காவலர்கள். அண்ணன் அந்தக் காவலர்களையும் உங்கள் மருமகளையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். இங்கே இருக்கும் மருமகள்கள் சும்மா விடுவார்களா என்று தெரியவில்லை.

மருமகள் என்றதும் என் மாமியார் ஞாபகம் வருகிறது. அவர் இங்கே வந்திருக்கிறார், அவரிடம் அனுமதி வாங்கிவிட்டுத்தான் சொல்கிறேன். குடும்பத்தோடு வேன் பிடித்துக் கல்யாணத்துக்குப் போகிறோம் என்றால் அன்று காலையில் இருந்தே அவர் தண்ணீரைக் குறைத்துவிடுவார். காப்பி டம்ளரை வாங்குவார், ஒரு வாய் குடிப்பார், மீதியை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு டம்ளரைக் கழுவியும் வைத்துவிடுவார். தடயமே இருக்காது. வேனில் பாட்டில் கை மாறி அவரிடம் வரும். மூடியைத் திறப்பார், உதட்டை நனைப்பார், அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார். பல வருஷம் எங்கள் யாருக்கும் இது தெரியாது. ஏன் அத்தை என்று ஒரு நாள் கேட்டதற்கு, "நடுவழியில வண்டியை நிறுத்தச் சொல்லணுமேம்மா, எல்லாரும் எனக்காகக் காத்துக்கிட்டு நிக்கணுமே" என்றார்.

இதைக் கேட்டுச் சிரிக்கிற அம்மாக்கள் எல்லோரும் இதையே செய்கிறவர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. வயதானால் தாகம் தெரிவதே குறைந்துவிடும். அதற்கு மேல் நாமும் வேண்டுமென்றே குறைத்தால் மலச்சிக்கல் வரும், சிறுநீர்த் தொற்று வரும். வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல்கூடச் சில சமயம் அடிக்காது. திடீரென்று பேச்சு தடுமாறும், வீட்டு ஆளையே யார் என்று கேட்பார்கள், வீடே கதிகலங்கிப் போகும். வேனை ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லத் தயங்கியவருக்காக, வேனில் வந்த அத்தனை பேரும் ஆஸ்பத்திரி வராண்டாவில் ராத்திரி முழுக்க நிற்க வேண்டி வரும். இப்போது யாருக்கு யார் பாரம்?

கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடி வைக்கச் சொல்லாமல் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர்கள், மாத்திரை தீர்ந்துவிட்டது என்று சொல்ல மனமில்லாமல் பிரஷர் மாத்திரையைப் பாதியாக ஒடித்துப் போட்டுக்கொள்கிறவர்கள், கண்புரை நன்றாக முற்றும் வரை "எனக்கு எல்லாம் தெரியுதுப்பா" என்று சொல்லிக்கொண்டே இருப்பவர்கள், இவர்கள் எல்லாம் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். இந்தப் பொறுமையின் பில் கடைசியில் பிள்ளை கைக்குத்தான் வருகிறது, வட்டியோடு வருகிறது.

இன்னொரு வேடிக்கை. கேளாமல் பொறுத்துக்கொள்கிறோம் என்று சொல்கிறவர்கள் உண்மையில் பொறுத்துக்கொள்கிறார்களா? எங்கே! சாடை பேசுகிறார்கள். மகன் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். அப்பா ஆரம்பிப்பார்: "எதிர்வீட்டு வாத்தியார் இருக்காரே, அவர் பையன் அவருக்குக் காது மிஷின் வாங்கிக் கொடுத்திருக்கானாம்." மகன் சொல்வான்: "அப்படியாப்பா, நல்லது. அம்மா, ரசம் போடு." முடிந்தது கதை. அப்பா மனதில் "பத்துத் தடவை சொல்லிட்டேன், காதில போட்டுக்கவே மாட்டேங்கிறான்". மகன் மனதில் "அப்பா எதிர்வீட்டுக் கதை எதையோ சொல்றார்". இங்கே காது கேட்காதது யாருக்கு என்று நடுவர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

சாடையில் என்ன தப்பு என்றால், அது மகனைச் சரி என்றும் சொல்ல விடாது, முடியாது என்றும் சொல்ல விடாது. "எனக்கு வலது காது சரியாகக் கேட்கவில்லை. வர சனிக்கிழமை காது டாக்டரிடம் போக வேண்டும். நீ வருவாயா, இல்லை நான் உன் தங்கையிடம் சொல்லட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். எது வேண்டும், எப்போது வேண்டும், முடியாவிட்டால் வேறு வழி என்ன, மூன்றும் அதிலேயே வந்துவிடுகிறது. அவன் "இந்தச் சனி முடியாதுப்பா, அடுத்த சனி போவோம்" என்பான். அது மறுப்பு இல்லை, ஏற்பாடு. அவனுக்குப் பத்தொன்பது வயதில் பைக் கேட்டானே, முதல் தடவை நீங்கள் என்ன சொன்னீர்கள்? "காலேஜ் முடி, பார்க்கலாம்" என்றீர்கள். அவன் வீட்டை விட்டா ஓடிப்போனான்? நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அஞ்சாம் நாள் மறுபடியும் கேட்டான். அந்தத் தைரியம் உங்களுக்கும் வர வேண்டும்.

எதிரணி அம்மையார் இன்னொன்று சொன்னார்: "பாசம் இருந்தால் கேட்காமலே புரிய வேண்டாமா? வள்ளுவரே குறிப்பறிதல் என்று அதிகாரம் வைத்திருக்கிறாரே!" வைத்திருக்கிறார் அம்மா, இரண்டு அதிகாரம் வைத்திருக்கிறார். ஒன்று பொருட்பாலில் அமைச்சியலில் இருக்கிறது, அரசன் முகத்தைப் பார்த்து அமைச்சர் புரிந்துகொள்வது. இன்னொன்று காமத்துப்பாலில், காதலி கண்ணைப் பார்த்துக் காதலன் புரிந்துகொள்வது. சம்பளம் வாங்குகிற அமைச்சருக்கும், வேறு வேலையே இல்லாத காதலனுக்கும் சொன்னதைக் கொண்டு வந்து, ஈ.எம்.ஐ. கட்ட ஓடுகிற மகன் தலையில் வைக்கிறீர்களே! பெங்களூரில் இருந்து ராத்திரி ஒன்பதரைக்குப் போன் பண்ணுகிறவன் எந்த முகத்தைப் பார்த்துக் குறிப்பறிவான்? "சாப்பிட்டியாம்மா?" "ஆச்சுப்பா." "மாத்திரை?" "ஆச்சு." "வேற ஏதாச்சும் வேணுமா?" "ஒண்ணும் வேண்டாம்பா, நீங்க நல்லா இருந்தா அதுவே போதும்." போனை வைத்துவிட்டு, மூட்டுக்குத் தைலம் தேய்த்துவிட யாருமில்லை என்று பக்கத்து வீட்டில் போய் அழுகை. அவன்தான் கேட்டானே தாயே! வேற ஏதாச்சும் வேணுமா என்று நேராகவே கேட்டானே!

சரி, எதிரணியின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். அதைத் தட்டிக்கழித்துவிட்டுப் போனால் நேர்மையில்லை. "கேட்டு, அவர்கள் முகம் சுளித்தால்?" சுளிக்கிற வீடுகள் இருக்கின்றன. டம்ளரை நங்கென்று வைக்கிற வீடுகளும் இருக்கின்றன. அங்கே இருக்கும் பெரியவர்களிடம் போய் "சும்மா கேளுங்க" என்று நான் மேடையில் நின்று சொல்வது சுலபம்தான். ஆனால் கையேந்திக் கேட்க அஞ்ச வேண்டும் என்று இரவச்சம் என ஒரு அதிகாரம் எழுதிய வள்ளுவர், அதற்கு முந்தைய அதிகாரத்தை இப்படித் தொடங்குகிறார்:

"இரக்க இரத்தக்கார்க் காணின் கரப்பின்
அவர்பழி தம்பழி அன்று."

கேட்கத் தகுந்தவரிடம் கேள். இருந்தும் அவன் ஒளித்தால் பழி அவனுக்கு, உனக்கில்லை. முகம் சுளித்தவன் வெட்கப்பட வேண்டிய இடத்தில் கேட்டவர் வெட்கப்பட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறார். பழி ஆள் மாறிப் போயிருக்கிறது.

நடுவர் மணி அடிக்கிறார். ஐயா, எனக்கு இன்னும் இரண்டு நிமிடம் வேண்டும். பார்த்தீர்களா, கேட்டேன், தலையாட்டிவிட்டார். கேட்காமல் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் திட்டு வாங்கியிருப்பேன்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம், வக்கீல் வைக்க வேண்டியதில்லை. எழுதப் போக முடியாதவருக்காக அவர் சொல்லும் வேறொருவரும் கொடுக்கலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். இதெல்லாம் கடைசிப் படி. நான் சொல்ல வந்தது அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. "என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனையோடு வீட்டை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். பத்திர ஆபீஸில் என்ன நடக்கிறது? பத்திரம் எழுதுகிறவர் கேட்பார்: "ஐயா, உங்க பராமரிப்புக்கு ஒரு வரி சேர்த்துரலாமா?" அப்பாவுக்கு ரோஷம் வந்துவிடும். "பெத்த பிள்ளைகிட்ட கண்டிஷனா? அன்பினால் எழுதிக் கொடுத்தேன்னு போடுங்க." அந்த ஒரு வரி இல்லாமல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்குகள் இருக்கின்றன. 2022-ல் ஒரு வழக்கில், நிபந்தனை இருந்ததாகக் காட்ட முடியவில்லை, அதனால் இந்தப் பிரிவு பொருந்தாது என்றே தீர்ப்பு வந்தது. 2025-ல் வேறொரு வழக்கில், இந்தச் சட்டத்தைத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று சொல்லி ஒரு தாய்க்கு அதே நீதிமன்றம் சொத்தைத் திருப்பிக் கொடுத்தது. அந்தத் தாயும் மாவட்டத்தில் இருந்து டெல்லி வரைக்கும் கோர்ட் ஏறித்தான் அதை வாங்கினார். பிள்ளையிடம் ஒரு வரி கேட்கக் கூச்சப்படலாம், முன்பின் தெரியாத நீதிபதியிடம் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டு நிற்கலாமா?

அடுத்து எதிரணியில் பேச வரும் அண்ணனுக்கு ஒரே ஒரு கேள்வி. அவர் அம்மாவுக்கு எண்பது வயது என்று சாப்பிடும்போது சொன்னார். நாளைக்கு அந்த அம்மாவுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு கரித்தால் இவரைத் தட்டி எழுப்ப வேண்டுமா, இவர் தூக்கம் கெடுமே என்று விடியும் வரை உட்கார்ந்திருக்க வேண்டுமா? எழுப்ப வேண்டும் என்றால், எங்கள் அணியில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. நன்றி, வணக்கம்.