திரையில் எழுதும் மருந்துச் சீட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

தங்கச்சிமடத்திலோ தொண்டியிலோ ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையம், பிறகு ராமநாதபுரம், அங்கும் முடியாவிட்டால் மதுரை. போகிற இடமெல்லாம் புதிதாக ஒரு சீட்டு. அதன் கிறுக்கல் புரியாமல் நடு இரவில் டாக்டரைத் தேடி ஓடிய செவிலியர்களில் நானும் ஒருத்தி. எனவே டாக்டரே மருந்தையும் பரிசோதனையையும் கணினியில் பதிவு செய்யும் முறையை மனமார வரவேற்கிறேன். எழுத்து தெளிவாக இருக்கும். ஒவ்வாத மருந்தென்றால் திரையே எச்சரிக்கும். அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் இம்முறை வந்தபின் கடுமையான மருந்துப் பிழைகள் பாதிக்கு மேல் குறைந்ததை 1998இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆனால் 2013இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். பதினாறு வயதுப் பையன், எடை 38.6 கிலோ. நம் ஊரில் கிருமித்தொற்றுக்குச் செப்ட்ரான் என்று கொடுக்கிறோமே, அந்த வகை மாத்திரை ஒன்று தர வேண்டும். டாக்டர் 160 மில்லிகிராம் என்று நினைத்து 160 என்று பதிந்தார். திரையோ அதை ஒரு கிலோ எடைக்கு 160 என்று எடுத்துக்கொண்டது. கணக்கு முப்பத்தெட்டரை மாத்திரையில் போய் நின்றது. எச்சரிக்கை வந்தது, டாக்டரும் மருந்தாளுநரும் அதைத் தள்ளிவிட்டார்கள். நாள் முழுக்கத் தேவையற்ற எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருந்தால் எவருக்கும் கை அப்படித்தான் பழகும். செவிலியருக்குச் சந்தேகம் எழுந்தது. ஆனால் மாத்திரையின் பார்கோடு கணினியில் பதிந்ததோடு பொருந்தி, சரி என்றது, கொடுத்துவிட்டார். பையனுக்கு வலிப்பு வந்தது, நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டான்.

அந்தச் செவிலியரின் சந்தேகம்தான் என் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு வேளைக்கு இத்தனை மாத்திரையா என்று அவர் உரக்கக் கேட்டிருந்தால் அங்கேயே நின்றிருக்கும். கணினி வாங்கும் மருத்துவமனைகள், "பொறுங்கள், டாக்டரிடம் கேட்கிறேன்" என்று சொல்லும் செவிலியரைக் கடிந்துகொள்ளக் கூடாது. அவருக்குத் துணை நிற்க வேண்டும். வெறும் தொல்லையாகிவிட்ட எச்சரிக்கைகளைக் குறைத்து, உயிருக்கு ஆபத்தானவற்றை மட்டும் உரத்து ஒலிக்கச் செய்ய வேண்டும்.

நேயர்களும் ஒன்று செய்யுங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். கடலுக்குப் போயிருக்கும் கணவரின் மாத்திரைப் பெயரும் வீட்டில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கட்டும். குழந்தையின் எடையை உங்கள் முன்னாலேயே பார்க்கச் சொல்லுங்கள். எந்த ஊசிக்காவது முன்பு தடிப்பு வந்திருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லி, அதைக் கணினியில் பதியச் சொல்லுங்கள்.