கேட் போட்டதும் கணக்கு

[காட்சி: வட சென்னை, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட். மணி அடிக்கிறது, கம்பி இறங்குகிறது. இரண்டு பக்கமும் வண்டிகள் குவிகின்றன.]

கேட் போட்டுவிட்டார்கள்.

இந்தப் பக்கம் வண்டி ஓட்டுபவர்களுக்கு இந்தச் சத்தம் கேட்டாலே எரிச்சல் வரும். கூட்ஸ் வண்டி என்றால் இன்னும் மோசம். பெட்டிகளை எண்ணத் தொடங்கி, நடுவில் எண்ணிக்கை தவறி, அப்புறமும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். ஆனால் எனக்கு ஒரு நல்ல பழக்கம் வந்ததே இந்தக் கேட்டால்தான். தினமும் செலவுக் கணக்கு எழுதுவது. அதற்கு முன்னால், ஒவ்வொரு ஜனவரியும் புது டைரி வாங்கிப் பொங்கலோடு மூடி வைத்தவன் நான்.

[காட்சி: பைக் சாவியைத் திருப்பும் கை. அதே கை மொபைலை எடுக்கிறது.]

நான் செய்தது இவ்வளவுதான். கேட் விழுந்ததும் இன்ஜினை அணைப்பேன். இன்ஜின் அணைந்ததும் கடைசியாகச் செய்த ஒரு செலவை மொபைலில் எழுதுவேன். டீ 15, பெட்ரோல் 200. எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளவில்லை, ஒன்று போதும். ஒன்றை எழுதினால் மற்றவை தானாக ஞாபகம் வந்தன.

இதற்கு முன் ராத்திரி 9 மணிக்கு அலாரம் வைத்துப் பார்த்தேன். 9 மணிக்கு நான் எங்கே இருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒரு நாள் சாப்பாட்டில் கை, ஒரு நாள் கேரம் போர்டில் கை. அலாரம் அடிக்கும், அணைப்பேன். கடைசியில் அலாரத்தை அணைப்பதுதான் பழக்கமானது! கேட் அப்படியில்லை. அது விழும்போது எனக்கு வேறு வேலையே கிடையாது.

சட்டையை மாட்டச் சுவரில் ஆணி வேண்டும். புதுப் பழக்கத்துக்கும் அப்படித்தான். ஏற்கனவே அடித்திருக்கும் ஆணியில் மாட்டினால் நிற்கும். பெரம்பூர், புளியந்தோப்புப் பெரியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மில் சங்கை வைத்தே சமையலையும் குளியலையும் ஓட்டிய தலைமுறை அது.

ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் ஆராய்ந்தது இதைத்தான். ‘உடற்பயிற்சி செய்யப் போகிறேன்’ என்று பொதுவாக முடிவெடுப்பவர்களைவிட, ‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று முடிச்சுப் போட்டு வைப்பவர்கள் சொன்னதை அதிகம் செய்து முடிக்கிறார்கள்.

[காட்சி: அடிபம்பு. வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள்.]

இங்கேதான் பலரும் தப்பு செய்கிறோம். ‘காலையில்’ என்பது ஆணி இல்லை. காலை என்பது மூன்று மணி நேரம். ‘பல் துலக்கி பிரஷை டம்ளரில் வைத்ததும்’ என்பது ஆணி. ஒரு வேலை முடியும் அந்த நொடி. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, கடைசிக் குடத்தை மூடியதும் இடுப்பில் கை வைத்து ஐந்து தடவை பின்னால் வளைவார். முதுகுவலிக்காக. நல்ல ஆணிதான், ஆனால் ஒரு சிக்கல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் பிடித்தால், பயிற்சியும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். எத்தனை தடவை செய்ய வேண்டுமோ அத்தனை தடவை வரும் ஆணியாகப் பார்க்க வேண்டும்.

சரி, எத்தனை நாளில் படியும்? 21 என்று எல்லோரும் சொல்வார்கள். அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் 1960இல் எழுதியதிலிருந்து கிளம்பிய எண் அது. மாறிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாகிறது என்றார். ‘குறைந்தது’ மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் கவனித்தது. நடுவாகக் கிடைத்த கணக்கு 66 நாள். சிலருக்கு 18 நாளிலேயே படிந்துவிட்டது. சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் ஒட்டியது, உடற்பயிற்சிக்கு நாள் பிடித்தது. எனக்குப் பிடித்த விஷயம், நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை என்பது. பொங்கலன்று டைரியை மூடிய எனக்கு அப்போது இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

[காட்சி: மெட்ரோ ரயில் நிலையம். கதவுகள் மூடுகின்றன.]

அப்புறம் என் கணக்கு நின்றுபோனது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததும் பைக்கை விட்டேன். வெயில் இல்லை, புழுதி இல்லை, கேட்டும் இல்லை. ஒரு மாதம் கழித்துத்தான், ஒரு வரிகூட எழுதவில்லை என்று கவனித்தேன். என் சோம்பல் என்று நினைத்தேன். உண்மையில் ஆணி போய்விட்டது.

உளவியலாளர் வெண்டி வுட் குழுவின் பாப்கார்ன் சோதனை ஒன்று உண்டு. 2011இல் வெளியானது. தியேட்டரில் எப்போதும் பாப்கார்ன் கொறிப்பவர்கள், ஒரு வாரம் பழசான நமுத்த பாப்கார்னையும் புதுசுக்குச் சமமாகத் தின்றார்கள். ருசி பிடிக்கவில்லை என்று அவர்களே சொன்னார்கள், கை நிற்கவில்லை. அதே பழக்கமுள்ள வேறு சிலரைத் தியேட்டர் இல்லாத வேறு அறையில் உட்கார வைத்ததும் பழசைக் குறைத்துக்கொண்டார்கள். பழக்கமில்லாத கையால் சாப்பிடச் சொன்னபோதும் அப்படியே. விட நினைக்கும் பழக்கம் இருந்தால் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், இடத்தையோ கையையோ மாற்றிப் பார்க்கலாம்.

எனக்குத் தேவைப்பட்டது இன்னொரு கேட். கிடைத்தது. மெட்ரோ கதவு மூடியதும் மொபைல், ஒரு செலவு.

[காட்சி: சமையலறை அலமாரி. எவர்சில்வர் தட்டுகள்.]

கடைசியாக அம்மா கதை. சுகர் மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போட வேண்டும். தினமும் ஒரே கேள்வி: “டேய், போட்டேனா இல்லையாடா?” அம்மாவுக்கு ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காது. அதனால் மாத்திரை டப்பாவை ஊறுகாய் பாட்டிலோடு ஒட்டி வைத்தோம், நாள் பெயர் எழுதிய ஏழு அறை டப்பா. சாப்பிட்டு முடித்துப் பாட்டிலை உள்ளே வைக்கும்போது டப்பா கையில் தட்டுப்படும். கேள்வி நின்றது.

போன மாதம் பிரஷர் ஏறியிருக்கிறது என்று டாக்டர் ஊறுகாயை நிறுத்தச் சொல்லிவிட்டார். பாட்டிலை எடுத்து ஒளித்துவிட்டேன். தட்டைக் கழுவிய கையோடு அம்மா இப்போதும் அந்த அலமாரிக்குப் போகிறார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பாட்டில் இருந்த இடத்தைப் பார்த்து என்னைத் திட்டுகிறார்.